இரண்டாவது கையெழுத்து

இரும் தம்பி, அந்தக் கதிரையில் இரும். அவவைச் சோபாவில் இருக்கச் சொல்லும். சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுத்தான் வந்தா, பார்த்தேன். போன செவ்வாய்க்கிழமை தனியாக வந்தபோதும் கழற்றினா. அந்த மரியாதையெல்லாம் தெரியும், பெரிய மரியாதைதான் தெரியாது. அன்றைக்கு ஒரு மணித்தியாலம் நாங்கள் இரண்டு பேரும் கையையும் காலையும் ஆட்டிக்கொண்டிருந்ததுதான் மிச்சம். அவவின் டொச், இந்த ஜேர்மன் பாஷை, எனக்கு ஓடாது. என்னுடைய டொச் ஒருவருக்கும் ஓடாது. முப்பத்தெட்டு வருசம் இந்த நாட்டில் இருந்தும் ஏன் தெரியாது என்று நீர் நினைக்கலாம். கோப்பை கழுவுகிற இடத்தில் யார் தம்பி எங்களோடு கதைத்தது? ஊத்தைத் தட்டு வரும், கழுவுவோம், போகும். அதற்கு என்ன பாஷை?

அதுதான் மொழிபெயர்க்க உம்மைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறா. நல்லது. எங்கட ஆள். உம்முடைய தகப்பனார் எந்த ஊர்? சாவகச்சேரியா? சரி, சரி. எனக்கு ஊர் இமையாணன். குணநாயகம் என்று கேட்டால் இந்தப் பட்டினத்தில் எல்லாத் தமிழருக்கும் தெரியும். தெரியும் என்றால், எந்தக் கொண்டாட்டத்திலும் கறிவாளியோடு நிற்கிற ஆள் என்று தெரியும்.

நான் சொல்லுவதை எல்லாம் அவவுக்குச் சொல்ல வேண்டாம். எதைச் சொல்லவேண்டும் என்று நானே சொல்லுவேன். இடையில் கேட்டா என்றால், பழைய கதை கதைக்கிறார் என்று சொல்லும்.

அவ, என் மகளுக்குப் பந்து பழக்குகிறவ, எதற்கு வந்திருக்கிறா என்று உமக்கு வழியில் சொல்லியிருப்பா. என் மகள் வினுஷாவுக்குப் பதினைந்து வயது. இங்கேயிருந்து இரண்டு மணித்தியாலத் தூரத்தில் ஒரு பெரிய கழகம். கால்பந்தில் கெட்டிக்காரப் பெண்பிள்ளைகளை நாடு முழுவதும் பொறுக்கியெடுத்து, அங்கே ஒரு விடுதியில் வைத்துப் படிப்பிக்கிறார்கள், பந்தும் பழக்குகிறார்கள். அங்கேயிருந்துதான் ஜேர்மன் அணிக்கு எடுப்பார்களாம். என் பிள்ளைக்கு ஒரு இடம் வந்திருக்கிறது. தாய், தகப்பன் இரண்டு பேரும் கையெழுத்து வைக்கவேண்டும். தாய் வைத்துவிட்டாள். என்னைக் கேட்காமல் வைத்துவிட்டாள். இனி என்னுடையதுதான் பாக்கி. நாளைக்குள் நான் வைக்காவிட்டால் அந்த இடம் வேறொரு பிள்ளைக்குப் போய்விடும். பாரும், தாளை மேசையில் விரித்து, பேனையை மேலே வைத்துவிட்டு, கந்தோர்க்காரி மாதிரி இருக்கிறா. இருக்கட்டும்.

மனுசி வரமாட்டாள். குசினிக்குள் நிற்கிறாள். பல்லுவலி, கன்னம் வீங்கியிருக்கிறது. அங்கே பார்க்காதையும். தேத்தண்ணியைப் பிள்ளை கொண்டுவருவாள்.

எனக்குக் கால்பந்து பிடிக்காது என்று நினைக்காதையும். ஆறு வயதில் அந்தப் பிள்ளையைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனவன் நான்தான். தண்டவாளத்துக்குப் பின்னால் இருக்கிறதே, அந்த மைதானம். அங்கே பெண்பிள்ளைகளுக்கு அணி இல்லை. மார்லீஸ் சொன்னா, இவதான், அப்போது தலைமயிர் இன்னும் நீளம், கெட்டிக்காரப் பெண்பிள்ளைகள் எவ்வளவு காலம் முடியுமோ அவ்வளவு காலம் பெடியங்களோடு விளையாடவேண்டும், அப்போதுதான் கால் உரப்படும் என்று. இந்த நாட்டில் அப்படித்தானாம், பிள்ளைதான் தமிழில் திருப்பிச் சொன்னாள். நான் ஓம் என்றேன். நான்தான் ஓம் என்றேன், எழுதி வையும்.

என் மகள் இடதுகால்காரி. ஒருமுறை ஒரு தடித்த பெடியன், அவளைவிட இரண்டு மடங்கு, முன்னால் வந்து மறித்தான். இவள் நின்றாள். அவனும் நின்றான். அவனுடைய கால்களுக்கு நடுவால் பந்தைத் தட்டிவிட்டு, சுற்றிப் போய் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவனுடைய தகப்பன் எனக்குப் பக்கத்தில் நின்றவர், வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு என் முதுகில் அடித்தார். "உன்ர மகளா?" என்று கேட்டார். அந்த டொச் எனக்கு விளங்கியது. ஓம், என்ர மகள் என்று சொன்னேன். இந்த நாட்டில் ஒரு வெள்ளைக்காரர் நான் ஆர் என்று கேட்டது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் நான் தவறவில்லை. காய்ச்சலோடும் போய் நின்றிருக்கிறேன்.

இதை வேண்டுமென்றால் அவவுக்குச் சொல்லும். நான் வந்து நின்றதை அவ மறந்திருப்பா.

ம்... தலையை ஆட்டுகிறா. ஞாபகம் இருக்காம். சரி.

இனி நடந்ததைக் கேளும். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது முடிந்து சில மாதம். ஒரு விளையாட்டு முடிந்தது. பிள்ளையின் பையை நான்தான் எப்போதும் தூக்குவேன். அன்றைக்குப் பையின் ஸிப் பூட்டுப்படவில்லை. உள்ளே, உமக்கு விளங்கும்தானே, பெண்கள் பாவிக்கிற பைக்கற். நான் திகைத்துப்போய் நிற்கிறேன். இவ வந்து பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டு, என் தோளில் கையை வைத்து, அது ஒன்றுமில்லை, ஒரு வருசமாக அவளுக்கு இருக்கிறது, நான் எல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்கிறா. கையைக் காட்டிக் காட்டிச் சொன்னதில் எனக்கே விளங்கியது. சொசேஜ் சுடுகிறவன் பக்கத்தில் நிற்கிறான். பெடியங்களின் தகப்பன்மார் நிற்கிறார்கள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. என் பிள்ளை பெரியபிள்ளையாகி ஒரு வருசம், தம்பி. சொசேஜ் சுடுகிறவனுக்குத் தெரியும். பெற்ற தகப்பனுக்குத் தெரியாது.

ஒரு விளையாட்டுக்குப் போன இடத்தில், பஸ்ஸுக்குள் நடந்ததாம். பிள்ளை அழுதுகொண்டு இவவிடம் போயிருக்கிறாள். இவவிடம்! "வீட்டில சொன்னா என்னை மண்டபத்தில வைச்சுக் காட்டுவினம், விளையாட விடமாட்டினம்" என்று அழுதாளாம். இவவும், சரி, நீ விரும்பும்போது சொல் என்றாவாம். நீர் தமிழ்ப் பெடியன், நீர் சொல்லும். அது இவ எடுக்கிற முடிவா?

மனுசியும் என்னைப் போலத்தான் ஏமாந்தவள். சாமிப் படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணினாள், எனக்கும் தெரியாது அப்பா என்று. பாவம். அந்த ஒரு வருசமும் எப்படி இருந்தாள் தெரியுமா? வழக்கமாகப் பிள்ளைதான் சாமியறையில் விளக்கு வைப்பாள். இடைக்கிடை மனுசி, "அவள் படிக்கிறாள், விடுங்கோ, நான் வைக்கிறன்" என்று தானே போய் வைப்பாள். மாதத்தில் இரண்டு மூன்று நாள் அப்படி. பிள்ளையின் படிப்பில் அவ்வளவு கரிசனை. அப்படிப்பட்டவளையும் இவ ஏமாற்றிப்போட்டா.

நான் ஏன் இவ்வளவு கோபப்படுகிறேன் என்று உமக்கு விளங்காது. நீர் இங்கே பிறந்தவர். முப்பது வருசமாக இந்தப் பட்டினத்தில் ஆருடைய பிள்ளை பெரியபிள்ளையாகிச் சாமத்தியவீடு வைத்தாலும் கதிரை அடுக்கினது நான், கிடாரம் தூக்கினது நான், கடைசிப் பந்தி முடிய மேசை துடைத்தது நான். "குணம், சோறு முடியுது", "குணம், அந்தப் பக்கம் ரசம் இல்லை." மைக்கில் ஒருநாளும் என்னுடைய பேர் வந்ததில்லை. மேடையில் ஏறினதில்லை. எனக்கும் ஒரு பிள்ளை இருக்கிறாள், அவளுக்கும் ஒருநாள் வரும், அன்றைக்கு நான் முன்வரிசையில் பட்டுவேட்டியோடு இருப்பேன், வேறு ஆராவது வாளி தூக்கட்டும். வேறு ஒன்றும் நான் இந்த நாட்டில் கேட்கவில்லை. இவ அதை ஒரு வருசம் தன்னுடைய பைக்குள் வைத்திருந்தா.

இதைச் சொல்ல வேண்டாம். சொன்னாலும் விளங்காது.

சரி, நடந்தது நடந்ததாக இருக்கட்டும், இன்றையிலிருந்து தொடங்குவோம் என்றேன். லண்டனுக்கும் கனடாவுக்கும் போன் எடுத்து, பிள்ளை நேற்றுப் பெரியபிள்ளையாகிவிட்டாள் என்று சொன்னேன். நேற்று என்றுதான் சொன்னேன், வேறு என்ன சொல்ல? முறைப்படி எல்லாம் செய்தோம். பிள்ளையை அறைக்குள் விட்டோம். தனித் தட்டு, தனிப் பாய். பள்ளிக்கூடத்துக்குக் காய்ச்சல் என்று அறிவித்தோம். காலையில் பச்சை முட்டை, மேலே நல்லெண்ணெய். குடித்துவிட்டுச் சத்தி எடுப்பாள். திரும்பக் கொடுப்போம். யன்னல் திரைச்சீலையை இழுத்துத் தைத்துவிட்டேன். பெடியங்களின் கண் படக்கூடாது அல்லவா? அந்தச் சனியன்கள், அவளோடு விளையாடுகிற பெடியங்கள், கீழே தெருவில் வந்து நின்று, "வினி! வினி!" என்று கத்தினார்கள். ஒருவன் வாசலில் ஒரு பந்தை வைத்துவிட்டுப் போனான். நான் குப்பைத்தொட்டிக்குள் போட்டேன்.

ஐயர் இரண்டு நாள் குறித்துத் தந்தார். ஒன்று மே மாதம், ஒன்று ஜூன். பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். "அப்பா, ஜூனில வையுங்கோ. மேயில அந்தச் சனிக்கிழமைதான் மாநில அணிக்கு எடுக்கினம். அதுக்கு மட்டும் விடுங்கோ. பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் செய்யிறன்." ஜூனிலும் மண்டபம் இருந்தது. இருந்தது, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தம்பி, என் பிள்ளையின் சடங்கை நான் அவர்களுடைய பந்துக்கு விலத்தி வைப்பதா? ஒரு வருசம் விலத்தி வைத்தது போதாதா? மே மாதத்தையே எடுத்தேன். "பந்து எங்கேயும் ஓடிப்போகாது பிள்ளை" என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நல்ல பிள்ளை.

சடங்கு எப்படி நடந்தது என்று கேளும். பல்லக்கில் கொண்டுவந்தோம். தாய்மாமன் பாரிஸிலிருந்து வந்து தேங்காய் உடைத்தார். சோடிக்கிற பெண் மட்டும் முறைப்பட்டாள், "என்ன அண்ணை, இந்தப் பிள்ளைக்கு முழங்காலுக்குக் கீழே ஒரு நிறம், மேலே ஒரு நிறம்" என்று. காலுறை போட்டு வெயிலில் ஓடினால் வேறு என்ன? கையெல்லாம் வெள்ளையாகப் பூசினாள். மேடைச் சிம்மாசனத்தில் இருத்தினால் மகாலட்சுமி மாதிரி இருந்தாள். சிரிக்கத்தான் இல்லை. படம் எடுக்கிறவன், "தங்கச்சி, கொஞ்சம் சிரியுங்கோ" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். வெட்கம் என்று நான் சொன்னேன்.

பிறகு அறிவிப்பாளர் என்னுடைய பேரைச் சொன்னார். முழுப்பேர். மைக்கை என்னுடைய கையில் தந்தார். நான் மூன்று வசனம் பாடமாக்கி வைத்திருந்தேன், குளியலறைக்குள் நின்று நின்று. முதலாவது, வந்தவர்களுக்கு வணக்கம். இரண்டாவது, தாய்மாமனுக்கு நன்றி. மூன்றாவது பிள்ளையைப் பற்றினது. இரண்டாவதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், சனம் எல்லாம் வாசலைத் திரும்பிப் பார்க்கிறது.

இவ நிற்கிறா. நீலக் காற்சட்டை, விளையாட்டுச் சப்பாத்து, காலெல்லாம் புல்லும் சேறும். அந்தத் தேர்வு நடந்த இடத்திலிருந்து நேரே வந்திருக்கிறா. கையில் பிள்ளையின் சேர்ட்டு, பின்னால் இலக்கம் போட்டது. அதைத் தூக்கிக் காட்டுகிறா. பிள்ளை சிம்மாசனத்திலிருந்து பாய்ந்தாள், தம்பி. சேலையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, ஆலாத்தித் தட்டு ஒன்றைத் தட்டிவிட்டு, அந்த முழு மண்டபத்துக்கும் நடுவால் ஓடினாள். என்ன ஓட்டம்! பூட்டின சடை கழன்று நிலத்தில் விழுந்தது. ஓடிப்போய் இவவைக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதாள். எல்லாரும் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். கனடாவில் பார்த்திருக்கிறார்கள். சுவிசில் பார்த்திருக்கிறார்கள். கடையில் என்னைக் கண்டால், "குணம் அண்ணை, உங்கட மகள் நல்லா ஓடுவா என்ன?" என்று கேட்டார்கள்.

நான் மைக்கோடு நின்றேன். பிறகு போய் இவவின் கையைப் பிடித்து வெளியே விட்டேன். "றவுஸ்!" என்றேன். வெளியே போ என்று சொல்ல எனக்கு டொச் தெரியும். அதை எனக்குச் சொல்லிச் சொல்லியே பழக்கினார்கள்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு சின்னப் பிரச்சினை. மனுசி படியில் தடக்கி விழுந்து கையில் பிளாஸ்டர் போட்டாள். அது வேறு கதை.

பந்தை நிற்பாட்டினேன். இரண்டரை வருசம் இந்த வீட்டில் பந்து என்ற கதையே இல்லை. பிள்ளை கிழமையில் இரண்டு நாள் வயலின் வகுப்பு, சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம். தாய்தான் எல்லாம் ஒழுங்குபடுத்தினாள். பெரிய கறுப்புப் பெட்டியைத் தோளில் கொழுவிக்கொண்டு போவாள். பெருமையாக இருக்கும். ஒருநாள், "வாசிச்சுக் காட்டு பிள்ளை" என்றேன். "இன்னும் பழகேல்லை அப்பா" என்றாள். இரண்டரை வருசமாகப் பழகவில்லை. நானும் அது கஷ்டமான வாத்தியம் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை இவ வந்து இந்தத் தாளை நீட்டின பிறகுதான் பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே சப்பாத்து. முள்ளு வைத்த சப்பாத்து, காலுறை, காலுக்குக் கட்டுகிற தகடு. வயலின் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. ஒரு கம்பியும் அறவில்லை. புதிது.

சிரிக்காதையும்.

என்ன கேட்கிறா? நேரம் போகிறதாம். போகட்டும். என்ன சொல்லுகிறா? இந்தப் பகுதியில் பத்து வருசத்தில் ஒரு பிள்ளைதான் இப்படி வருமாம். பதினேழு வயதுக்குட்பட்ட அணிக்குப் பார்க்கிற ஆட்கள் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம். பார்க்கட்டும். பெண்கள் பந்தில் என்ன இருக்கிறது தம்பி? நானும் ஒருமுறை போய்ப் பார்த்தேன், பெரிய கழகம்தான். பஸ் தரிப்பிடத்தில் அதைவிடச் சனம் நின்றது. பாதிப் பேர் வேலைக்கும் போய்க்கொண்டுதான் விளையாடுகிறார்களாம். முழங்கால் போனால் அதோடு சரி.

நான் கல்நெஞ்சன் இல்லை. ஒன்று சொல்லுகிறேன், இதை மொழிபெயரும். வடிவாக மொழிபெயரும். நான் கையெழுத்து வைக்கிறேன். ஆனால் இவ மன்னிப்புக் கேட்கவேண்டும். இங்கே இல்லை. மண்டபத்தில். அன்றைக்கு வந்த சனத்துக்கு முன்னால், மைக்கைப் பிடித்து, குணநாயகத்துக்கு நான் பிழை செய்துவிட்டேன் என்று சொல்லவேண்டும். சொல்லும்.

என்ன? ஓம் என்கிறாவா?

வடிவாகக் கேட்டீரா? எந்த நாள் என்றாலும் வருவாவாம். உண்மையிலேயே பிழைதானாம், பையைத் திறந்த அன்றைக்கு அப்படி எல்லாருக்கும் முன்னால் சொல்லியிருக்கக் கூடாதாம், இவ்வளவு காலமும் அது மனதில் இருந்ததாம். இங்கேயே முதலில் கேட்கிறாவாம். பாரும், எழும்பி நிற்கிறா. இரண்டு கையையும் கூப்புகிறா. அதை ஆர் பழக்கினது?

இருக்கச் சொல்லும். இருக்கச் சொல்லும் தம்பி.

இவ்வளவு கெதியாக ஓம் என்கிற ஆளிடம் மன்னிப்பு வாங்கி என்ன பிரயோசனம்? பிள்ளை கிடைக்கவேண்டும் என்பதற்காகச் சொல்லுகிறா. நான் இரண்டரை வருசம் இதை நினைத்து நினைத்துப் படுத்திருக்கிறேன், இவ ஒரு நிமிசத்தில் முடிக்கப் பார்க்கிறா. இல்லை. காணாது, இது போதாது. அப்படிச் சொல்லும். வேறு என்ன வேண்டும் என்று கேட்கிறாவா? வேறு என்ன... அதை நான் யோசிக்கவேண்டும். நாளைக்குள் என்றால் நாளைக்குள் என்னால் யோசிக்க முடியாது.

வா பிள்ளை, வா. தேத்தண்ணியை வை. அம்மாவுக்குப் பல்லுவலி எப்படி? சரி. மார்லீஸ் மாமிக்கு வை, அந்தத் தம்பிக்கு வை. நில்லு. பெரிய ஆட்கள் கதைக்கிறோம், போ என்று சொல்லமாட்டேன், உனக்கும் சொல்ல ஏதும் இருந்தால் சொல். டொச்சில் சொன்னாலும் பரவாயில்லை. தம்பி எனக்குச் சொல்லுவார்.

பார்த்தீரா, என்ன வடிவாகக் கதைக்கிறாள். அழவில்லை, குரல் உயர்த்தவில்லை. "நைன்" என்றாள், கேட்டதா? வேண்டாம் என்கிறாள். அது எனக்கு விளங்கும். இரண்டு தரம் சொன்னாள். இவவின் முகத்தைப் பாரும், வெளிறிப்போனா. இதுதான் தம்பி என்ர பிள்ளை. எத்தனை பேர் வந்து இழுத்தாலும் கடைசியில் தகப்பன் பக்கம்தான் நின்றாள். நான் வளர்த்த வளர்ப்பு.

என்ன சொன்னவள், சொல்லும்.

ஏன் என்னைப் பார்க்கிறீர்? சொல்லும். அதற்குத்தானே வந்தீர்?

"அந்த இடத்தை மற்றப் பிள்ளைக்குக் கொடுங்கோ. எனக்கு வேண்டாம்." சரி, அதைத்தான் நானும் சொன்னேன். பிறகு? "தயவுசெய்து இனி இஞ்ச வராதையுங்கோ..."

திருப்பிச் சொல்லும்.

"நீங்கள் வந்துபோற ஒவ்வொரு தரமும் அம்மாவுக்குத்தான் அடி விழுது." அப்படியா சொன்னவள்? நீர் பிழையாக மொழிபெயர்க்கிறீர். உம்முடைய தமிழ் காணாது. பிள்ளை, இவர் என்ன சொல்லுகிறார்? நீ அப்படிச் சொன்னாயா? என்னைப் பார்த்துச் சொல்.

பாரும் தம்பி, சின்னப்பிள்ளை. ஒரு வீடு என்றால் நாலும் இருக்கும். உம்முடைய வீட்டில் இல்லையா? கையெழுத்து வைத்தது ஏன் என்று கேட்டேன். கேட்டதுதான். பல்லுவலி என்று முதலே சொன்னேனே. வேண்டுமென்றால் மனுசியையே கேளும். இஞ்சாரும்! வெளியே வாரும்! வந்து வாயைத் திறந்து இவைக்குப் பல்லைக் காட்டும்!

கூப்பிடுகிறேன், கேட்கவில்லையா?

அவ எங்கே எழும்பிப் போகிறா? அது குசினி. தம்பி, அது எங்கட குசினி என்று சொல்லும், வந்த ஆட்கள் அதற்குள் போகக்கூடாது. பிள்ளை, நீ ஏன் அவவுக்குப் பின்னால் போகிறாய்? கதவைச் சாத்தாதை.

என்ன கதைக்கிறார்கள் உள்ளே? உமக்குக் கேட்கிறதா? மனுசி டொச்சில் கதைக்கிறாள். இவளுக்கு எப்போது இவ்வளவு டொச் தெரியும்?

இவ போனை எடுத்துவிட்டா. ஆருக்கு எடுக்கிறா? எந்த இலக்கம் அது? தம்பி, வைக்கச் சொல்லும். சரி, கேளும், நான் கையெழுத்து வைக்கிறேன். மன்னிப்பும் வேண்டாம், மண்டபமும் வேண்டாம். பேனை எங்கே? இந்தா. இது தாயின் கையெழுத்து, இதற்குக் கீழேதானே? இந்தா, வைக்கிறேன். வைத்துவிட்டேன். பாரும், பேரை முழுதாக எழுதியிருக்கிறேன். பிள்ளை, போகலாம் நீ. விடுதிக்குப் போ. எல்லாம் சரி.

ஏன் மனுசி கோட்டுப் போடுகிறாள்? இஞ்சாரும், எங்கே வெளிக்கிடுகிறீர்? வெளியே மழை, காலில் சப்பாத்தும் இல்லை. பிள்ளை, அந்தப் பையை வை. மாமி போகட்டும், நீங்கள் இருங்கோ. நான்தான் வைத்துவிட்டேனே. ஒருவரும் தாளைப் பார்க்கவில்லையே தம்பி. மேசையில்தான் இருக்கிறது. ஆராவது வந்து எடுங்கோவன்.